ப்ராக், வியன்னா, புடாபெஸ்ட்: எந்த வழியில் ரயில் ஏறுவது?

மத்திய ஐரோப்பாவின் வரைபடத்தை விரித்தால் எல்லா ஊரும் பக்கத்துப் பக்கத்து ஊர் மாதிரித் தெரியும். பெர்லின், டிரெஸ்டன், ப்ராக், வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், கிராகோவ், சால்ஸ்பர்க் என்று எதையும் விட மனசு வராது. நான் இரண்டு முறை அந்தப் பக்கம் ரயிலில் சுற்றியிருக்கிறேன். முதல் முறை கணவரும் நானும், 9 இரவில் 5 ஊர். இரண்டாம் முறை 67 வயது அம்மாவையும் அழைத்துக்கொண்டு 12 இரவில் 3 ஊர். முதல் பயணத்தில் எடுத்த படங்களில் எந்தக் கோபுரம் எந்த ஊர் என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டாவது பயணத்தில் தினமும் ஏறிய ட்ராமின் பெயர்கூட அம்மாவுக்கு நினைவிருக்கிறது.

அதனால் வழிகளை ஒப்பிடும்போது நான் முதலில் போடும் கணக்கு, எத்தனை தடவை பெட்டி கட்ட வேண்டியிருக்கும் என்பதுதான். ரயிலில் 4 மணி நேரம் என்று போட்டிருந்தால் அது 4 மணி நேரத்தோடு முடிவதில்லை. காலை 10, 11 மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் பிற்பகல் 2, 3 மணிக்கு முன்னால் அறை கிடைப்பது அரிது. நடுவில் ஸ்டேஷன், மெட்ரோ, புது ஊரில் வழி தேடும் நேரம். ஊர் மாறும் நாளில் மாலை மட்டும்தான் கையில் மிஞ்சும். 9 இரவில் 5 ஊர் என்றால் 4 பகல்கள் இப்படியே கரைந்துவிடும்.

விமானமா, பஸ்ஸா, காரா, ரயிலா என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. இந்த ஊர்களில் விமான நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, ரயில் நிலையமோ ஊருக்குள்ளேயே. பாதுகாப்புச் சோதனை வரிசையையும் சேர்த்தால் விமானத்தில் மிச்சமாகும் நேரம் ஒன்றுமில்லை. பஸ் சில நாட்களில் ரயிலைவிட மலிவு, நேரமும் ஏறக்குறைய அதேதான். ஆனால் எழுந்து நடக்க முடியாது, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது பெரிய விஷயம். காரை ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் அதற்குத் தனிக் கட்டணம், ஒவ்வொரு நாட்டின் நெடுஞ்சாலைக்கும் தனி அனுமதி, பழைய நகரத்துக்குள் நிறுத்த இடம் கிடைக்காது. சின்னக் கிராமங்களுக்குப் போகிறவர்களுக்குத்தான் கார்.

ரயில் இங்கே இவ்வளவு வசதியாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1918 வரை ப்ராக், பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், கிராகோவ் எல்லாமே வியன்னாவிலிருந்த ஹாப்ஸ்பர்க் பேரரசரின் கீழ் இருந்தவை. தண்டவாளங்களும் வியன்னாவை நடுவில் வைத்தே போடப்பட்டன. பேரரசர் ஃபெர்டினாண்டின் பெயரிட்ட வடக்கு ரயில்பாதை 1837-ல் வியன்னாவுக்கு வெளியே ஒரு சிறு துண்டாகத் தொடங்கி, 1839-ல் இன்றைய செக் நாட்டின் பிர்னோ நகரத்தைத் தொட்டது. கிராகோவுக்கு அருகே உள்ள பொக்னியா உப்புச் சுரங்கம் வரை போக வேண்டும் என்பதுதான் அதன் முதல் திட்டம். அப்புறம் பேரரசு உடைந்தது, எல்லைகள் வந்தன, கம்யூனிச நாடுகளை மேற்கு ஐரோப்பாவிலிருந்து பிரித்த இரும்புத் திரை வந்தது. 2007 டிசம்பர் 21-ல் செக், ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, போலந்து நாடுகள் ஷெங்கன் பகுதிக்குள் வந்தபோது அந்தப் பழைய பாதைகளில் மறுபடியும் பாஸ்போர்ட் வரிசை இல்லாமல் போய்வர முடிந்தது. இப்போதும் போலீஸ் இடையில் ஏறிச் சோதிப்பதுண்டு, பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வரலாற்றைச் சொல்லக் காரணம், கீழே வரும் எல்லா வழிகளிலும் வியன்னாவுக்கு ஒரு தனி இடம் கிடைப்பது இதனால்தான்.

முதல் வழி: ப்ராக், வியன்னா, புடாபெஸ்ட்

எல்லோரும் போகும் வழி இது. எல்லோரும் போகிறார்கள் என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. ப்ராக்கிலிருந்து வியன்னா ரயில்ஜெட் என்ற விரைவு ரயிலில் சுமார் 4 மணி நேரம். வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் சுமார் 2 மணி 40 நிமிடம். இரண்டுமே நேர் ரயில்கள், நாள் முழுவதும் அடிக்கடி உண்டு. ஒன்றைத் தவறவிட்டால் பயணமே குலைந்துபோகாது.

ப்ராக் தலைமை ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். கீழே உள்ள புதுக்கூடத்தில் கடைகளும் டிக்கெட் கவுண்டர்களும் இருக்கின்றன, பெரும்பாலானவர்கள் அதன் வழியாகவே பிளாட்பாரத்துக்குப் போய்விடுகிறார்கள். மேலே ஒரு தளம் ஏறினால் யோசெப் ஃபாண்டா வடிவமைத்து 1909-ல் முடிந்த பழைய கூடம். அரைவட்டக் கூரை, கண்ணாடி ஓவியங்கள், 'பிராகா மாட்டெர் உர்பியம்' என்ற எழுத்து. நகரங்களின் தாய் ப்ராக் என்று பொருள். நாங்கள் போன காலையில் அங்கே ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். முதல் பிளாட்பாரத்தில் நிக்கோலஸ் விண்டனின் வெண்கலச் சிலை, கையில் ஒரு குழந்தை, பக்கத்தில் ஒரு சிறுமி, தரையில் ஒரு பெட்டி. 1939-ல் நாஜிகளிடமிருந்து 669 குழந்தைகளை இந்த ஸ்டேஷனிலிருந்து ரயிலேற்றி லண்டனுக்கு அனுப்பும் வேலையை ஒருங்கிணைத்தவர் அவர். அம்மா அந்தப் பெட்டியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பழைய நகரச் சதுக்கத்தில் 1410-ம் ஆண்டுக் கடிகாரத்தின் கீழே முண்டியடித்து நின்றதைவிட இந்த இடம்தான் எங்களுக்கு ப்ராக்.

ப்ராக்கிலிருந்து தெற்கே போகும் பாதையில் முதல் பாதி சமவெளி. பிர்னோவை நெருங்கும்போது ஸ்விதவா ஆற்றின் பள்ளத்தாக்கில் ரயில் வளைந்து வளைந்து போகும், காடும் குகைவழிகளும் மாறி மாறி வரும். பிர்னோ ப்ராக்கிலிருந்து சுமார் 2½ மணி, அங்கிருந்து வியன்னா 1½ மணி. பள்ளிப் பாடத்தில் படித்த மெண்டலின் பட்டாணிச் செடி நினைவிருக்கிறதா? அவர் 1856 முதல் 1863 வரை அந்தச் சோதனைகளைச் செய்த மடம் இந்த ஊரில்தான். ஸ்டேஷன் லாக்கரில் பெட்டியை வைத்துவிட்டு மடத்தையும் பழைய ஊரையும் பார்த்து, மாலை ரயிலில் வியன்னா போனோம். ஊர் மாறும் நாள் வீணாகாமல் இருக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். முன்கூட்டி வாங்கும் சலுகை டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். நடுவில் இறங்க நினைத்தால் ப்ராக்–பிர்னோ, பிர்னோ–வியன்னா என்று இரண்டு டிக்கெட்டாக வாங்க வேண்டும்.

வியன்னாவில் நான் 5 இரவு தங்கச் சொல்வேன். ஊருக்கே 3 நாள் வேண்டும். கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் புரூகெலின் ஓவியங்கள் இருக்கும் அறைக்கு மட்டும் ஒரு காலைப்பொழுது ஒதுக்குங்கள். உலகில் வேறெங்கும் அவர் ஓவியங்கள் இத்தனை ஒரே இடத்தில் இல்லை. 'பனியில் வேட்டைக்காரர்கள்' ஓவியத்தின் முன்னால் போட்டிருக்கும் சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றாது. தூரத்தில் உறைந்த குளத்தில் சறுக்கும் மனிதர்கள் எறும்பளவு இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. அப்புறம் தலைமை ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் பெல்வெடேர் அரண்மனை, அதில் கிளிம்டின் 'முத்தம்' ஓவியம். ரயிலில் போகிறவர்கள் அந்த ஸ்டேஷன் பக்கமே தங்குவது நல்லது. டி ட்ராம் அங்கிருந்து ரிங் சாலை வழியாக ஊர் நடுவுக்குப் போகிறது. அம்மாவுக்கு மறக்காத ட்ராம் அதுதான்.

மீதி 2 நாளில் பெட்டியை அறையிலேயே விட்டுவிட்டு வெளியூர் போய் வரலாம். பிராட்டிஸ்லாவா ரயிலில் ஒரு மணி நேரம். மெல்க் மடமும் ஏறத்தாழ அதே தூரம். சால்ஸ்பர்க் சுமார் 2½ மணி, காலையில் சீக்கிரம் கிளம்பினால் அன்றே திரும்பலாம். பேரரசு காலத்தில் வியன்னாவை நடுவில் வைத்துப் போட்ட பாதைகளின் பலன் இதில்தான் தெரியும்.

பிராட்டிஸ்லாவாவைப் பலர் ஒரு இரவு தங்கும் ஊராகத் திட்டத்தில் சேர்க்கிறார்கள். அது வேண்டாம். பழைய நகரம் சின்னது, அழகானது, ஒரு பகல் போதும். துருக்கியர் காலத்தில் தொடங்கி, ஹங்கேரி அரசர்களுக்கு 1563 முதல் 1830 வரை முடிசூட்டியது இங்கே உள்ள புனித மார்ட்டின் தேவாலயத்தில்தான். 1741-ல் மரியா தெரேசாவும் இங்கேதான் முடிசூடினார். கோபுரத்தின் உச்சியில் சிலுவைக்குப் பதில் ஒரு பொன்முலாம் கிரீடம் இருக்கிறது. வியன்னாவிலிருந்து வரும் ரயில்கள் இரண்டு வெவ்வேறு ஸ்டேஷன்களுக்கு வருகின்றன. ஒன்று ஊரின் வடக்கே தலைமை ஸ்டேஷன், இன்னொன்று டான்யூபுக்குத் தெற்கே பெட்ரஷல்கா. திரும்பும்போது எந்த ஸ்டேஷனில் ஏற வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வழி: பெர்லின், டிரெஸ்டன், ப்ராக், வியன்னா

ரயில் பயணமே பிடித்தவர்களுக்கு இந்த வழியின் நடுப்பகுதி விருந்து. டிரெஸ்டனிலிருந்து ப்ராக் சுமார் 2 மணி 20 நிமிடம். அதில் பெரும்பகுதி எல்பே ஆற்றின் கரையோரம். ப்ராக் நோக்கிப் போகும்போது இடப்பக்க ஜன்னல் வேண்டும். ஆற்றுக்கு அக்கரையில் சாக்சன் சுவிட்சர்லாந்து எனப்படும் மணற்கல் பாறைகள் தூண் தூணாக நிற்கும். செக் ரயில்களின் உணவுப் பெட்டியில் வெள்ளைத் துணி விரித்த மேஜை, உண்மையான தட்டு, சமைத்த சாப்பாடு. சைவம் சாப்பிடுகிறவர்கள் பொரித்த பாலாடைக்கட்டி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆற்றைப் பார்த்தபடி ஒரு காபியைக் குடிக்கவே ஒரு மணி நேரம் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

டிரெஸ்டனை பெர்லினிலிருந்து ப்ராக் போகும் வழியில் 5 மணி நேரம் நின்று பார்த்துவிடலாம். 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் இடிந்து, பல பத்தாண்டு கற்குவியலாகவே கிடந்து, 2005-ல் மீண்டும் திறந்த ஃப்ராவன்கிர்ஷே தேவாலயத்தின் சுவரில் கறுத்த கற்கள் ஆங்காங்கே தெரியும். பழைய தேவாலயத்திலிருந்து எடுத்து அதே இடத்தில் திரும்ப வைத்தவை அவை.

இந்த வழியில் எனக்குள்ள தயக்கம் பெர்லினைப் பற்றியது. பெர்லின் பெரிய ஊர், பரந்த ஊர், அதன் கதை முக்கால்வாசி 20-ம் நூற்றாண்டுக் கதை. 4 நாளாவது கொடுக்காமல் அதைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. பழைய ஊர்களின் தெருக்களில் நடக்க வேண்டும் என்ற ஆசையோடு கிளம்புகிறவர்களுக்கு அந்த 4 நாளைப் புடாபெஸ்டில் செலவழிக்கச் சொல்வேன். ஜெர்மனியில் பிள்ளைகளோ உறவினரோ இருந்து, எப்படியும் அங்கே போய்த்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு இந்த வழியே சரி.

மூன்றாம் வழி: கிராகோவையும் சேர்த்து

கிராகோவ் மேல் எனக்கு மிகுந்த பிரியம். யுனெஸ்கோ 1978-ல் வெளியிட்ட முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருந்த 12 இடங்களில் கிராகோவின் பழைய நகரமும், பக்கத்தில் உள்ள வியலிச்கா உப்புச் சுரங்கமும் இரண்டு. சதுக்கத்தின் மூலையில் உள்ள புனித மரியா தேவாலயக் கோபுரத்திலிருந்து மணிக்கு ஒரு முறை எக்காளம் ஊதி, இசையின் நடுவிலேயே பட்டென்று நிறுத்துவார்கள். அந்த நிசப்தத்தைக் கேட்கவே இரண்டு மூன்று முறை போய் நிற்கலாம். சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி ஆஷ்விட்ஸ் முகாம். அங்கே போய்வந்த அன்று வேறு எதையும் பார்க்கத் தோன்றாது, அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும்.

ஆனால் ப்ராக்கிலிருந்து கிராகோவ் பகல் ரயிலில் ஏறத்தாழ 7 மணி நேரம். வியன்னாவிலிருந்தும் 6 மணியை ஒட்டும். புடாபெஸ்டிலிருந்து அதைவிடக் கூடுதல். அதாவது கிராகோவைச் சேர்த்தால் இரண்டு முழுப் பகல் ரயிலுக்குப் போகும். 15, 16 நாள் இருப்பவர்கள் சேர்க்கலாம். 12 நாள்தான் என்றால், எங்கள் முதல் பயணத்தில் நடந்ததுதான் நடக்கும். கிராகோவில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு நாள்கூட இல்லை, சதுக்கத்தைச் சுற்றிவிட்டு ஓடிவந்தோம். அந்த ஊருக்கு அது அநியாயம். போலந்தை மட்டும் தனிப்பயணமாக வைத்துக்கொள்வது மேல்.

இரவு ரயில் ஏறினால் பகல் மிச்சமாகுமே?

இந்தக் கேள்வி நமக்கு இயல்பாக வரும். இரவு வண்டியில் ஏறிப் படுத்து விடியற்காலை இறங்கியே பழகியவர்கள் நாம். மத்திய ஐரோப்பாவிலும் இரவு ரயில்கள் உண்டு. ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட் வியன்னாவிலிருந்து வெனிஸ், சூரிச் போன்ற ஊர்களுக்கு ஓடுகிறது. புடாபெஸ்டுக்கும் ப்ராக்குக்கும் நடுவிலும் இரவு வண்டி இருக்கிறது. உட்காரும் இருக்கை, 4 அல்லது 6 பேர் படுக்கும் கூப்பே, 1 முதல் 3 பேருக்கான தனி ஸ்லீப்பர் என்று மூன்று வகை. அம்மா அப்பாவோடு போனால் தனி ஸ்லீப்பர் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் விலை ஒரு இரவு ஹோட்டல் செலவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

முதல் பயணத்தில் நாங்கள் கூப்பேயில் இரண்டு பெர்த் பதிவு செய்திருந்தோம். பிளாட்பாரத்தில் போய் நின்றால் எங்கள் பெட்டி எண் அந்த வண்டியிலேயே இல்லை. பழுதாகிவிட்டது என்று கழற்றிவிட்டிருந்தார்கள். விடிய விடிய உட்கார்ந்தே வந்தோம். பணத்தில் ஒரு பகுதி பிறகு திரும்ப வந்தது. ஆனால் மறுநாள் முழுக்கத் தலைவலியோடு ஊர் சுற்றியதைத் திரும்பப் பெற முடியாது. அது தினம் நடப்பதில்லை, தெரியும். ஆனாலும் 4 மணி நேரத் தூரங்களுக்கு இரவு ரயில் தேவையே இல்லை. 9, 10 மணி நேரத் தூரத்துக்கு அது நல்லது. இன்னொன்று, காலை 6 மணிக்கு இறங்கினால் அறை பிற்பகல்தான். குளிக்க இடமில்லாமல் 8 மணி நேரம் ஓட்ட வேண்டும்.

எந்தப் பக்கமிருந்து தொடங்குவது?

வடக்கிலிருந்து தெற்கே வாருங்கள், புடாபெஸ்டில் முடியுங்கள். என் காரணம் முழங்கால்தான். ப்ராக் கருங்கல் பாவிய தெருக்களும் மேடுகளும் உள்ள ஊர். கால் தெம்பாக இருக்கும் முதல் நாட்களில் அதைப் பார்த்துவிட வேண்டும். அங்கேயும் கோட்டைக்குப் படி ஏறாமல் 22-ம் எண் ட்ராமில் மேலே போய், இறங்கும்போது மட்டும் நடந்தால் பாதிச் சிரமம் போய்விடும். புடாபெஸ்டில் பெஸ்ட் பக்கம் தட்டையான தரை, ட்ராம்கள் எங்கும் போகின்றன. 2-ம் எண் ட்ராம் நாடாளுமன்றத்தை ஒட்டி டான்யூப் கரையோரமாகவே ஓடுகிறது. 10 நாள் நடந்த காலுக்கு அங்கே வெந்நீர்க் குளங்கள் காத்திருக்கின்றன.

செசெனி குளியலகம் 1913-ல் திறந்தது. 1896-ல் ஓடத் தொடங்கிய பழைய மெட்ரோவின் மஞ்சள் பெட்டியில் ஏறினால் அதன் வாசலிலேயே இறக்கிவிடும். ஐரோப்பியக் கண்டத்தின் முதல் சுரங்க மெட்ரோ அது. ஸ்டேஷன்கள் தரையிலிருந்து சில படிகள் கீழேதான், அம்மாவுக்கு லிஃப்ட் தேட வேண்டியிருக்கவில்லை. நீச்சலுடை கட்டாயம் என்பதால் முழங்காலுக்குக் கீழே வரும் உடையை ஊரிலேயே வாங்கிப் போயிருந்தோம். அக்டோபர் குளிரில் வெளிக்குளத்திலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டு தாத்தாக்கள் மார்பளவு தண்ணீரில் நின்றபடி சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்துகொண்டு அம்மா சொன்னது: "இங்க முதல்லயே வந்திருந்தா வேற எங்கயும் வந்திருக்க மாட்டேன்." கடைசி ஊராக வைத்ததற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

புடாபெஸ்டில் முடிக்க வேண்டுமானால் விமான டிக்கெட்டை ப்ராக்கில் இறங்கி புடாபெஸ்டில் ஏறுவதுபோல எடுக்க வேண்டும். துபாய், தோஹா வழி விமானங்கள் ப்ராக், வியன்னா, புடாபெஸ்ட் மூன்றுக்கும் போகின்றன, எனவே இது கடினமில்லை. போன ஊரிலிருந்தே திரும்பும் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் கூடினாலும், ஒரு பகலும் ஒரு ரயில் டிக்கெட்டும் மிச்சம்.

ப்ராக்கிலிருந்தே திரும்ப வேண்டிய கட்டாயம் உள்ளவர்களுக்கு ஒரு ஆறுதல் இருக்கிறது. வியன்னா வழியாகவே திரும்பாமல், புடாபெஸ்டிலிருந்து பிராட்டிஸ்லாவா, பிர்னோ வழியாக ப்ராக் போகும் மெட்ரோபொலிட்டன் ரயிலில் ஏறுங்கள். 7 மணி நேரத்தை ஒட்டும். ஆனால் முதல் ஒன்றரை மணி நேரத்துக்காகவே அதில் போகலாம். கிளம்புவது நியுகாட்டி ஸ்டேஷன், பாரிஸின் ஈஃபல் கோபுரத்தைக் கட்டிய ஈஃபலின் நிறுவனம் கட்டி 1877-ல் திறந்த இரும்புக்கூடம். அங்கிருந்து வாட்ஸ் ஊர் வரை ரயில் போகும் பாதைதான் ஹங்கேரியின் முதல் ரயில்பாதை, 1846 ஜூலையில் திறந்தது. இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். வாட்ஸ் தாண்டியதும் டான்யூப் தண்டவாளத்தை ஒட்டி வந்துவிடும். அக்கரைக் குன்றின் மேல் விஷெகிராத் கோட்டை, அப்புறம் எல்லை தாண்டி ஷ்டூரோவோவை நெருங்கும்போது அக்கரையில் எஸ்டெர்கோம் பேராலயத்தின் பெரிய குவிமாடம்.

பாஸா, தனித்தனி டிக்கெட்டா?

பல நாட்டு ரயில்களிலும் ஏற உதவும் யூரெயில் பாஸ் என்ற பெயர் நம்மூரில் மிகவும் பிரபலம், கேட்டவுடன் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். இந்த வழிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ப்ராக்–வியன்னா, வியன்னா–புடாபெஸ்ட், நடுவில் பிராட்டிஸ்லாவா போய்வருவது. ஓரிரண்டு மாதம் முன்னால் ரயில்வே நிறுவனங்களின் சொந்தத் தளங்களில் வாங்கினால் பெரிய பயணம் ஒவ்வொன்றுக்கும் 20, 30 யூரோவுக்குள் சலுகை டிக்கெட் பெரும்பாலும் கிடைக்கும். எல்லாம் சேர்த்தாலும் ஒருவருக்கு 100 யூரோவைத் தாண்டாது. ஒரு மாதத்தில் 4 நாள் பயணம் செய்யும் பாஸ், பெரியவர்களுக்கு இரண்டாம் வகுப்பிலேயே 200 யூரோவுக்கு மேல். 3 ஊர் பயணத்துக்கு பாஸ் வேண்டாம்.

பாஸ் எப்போது நல்லது? சால்ஸ்பர்க், டிரெஸ்டன், கிராகோவ் என்று 6, 7 நாள் ரயிலேறப் போகிறவர்களுக்கு. எந்த ரயில் என்று முன்கூட்டி முடிவு செய்ய விரும்பாதவர்களுக்கு. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளோடு போகிறவர்களும் கணக்குப் பார்க்க வேண்டும், பெரியவர் ஒருவரின் பாஸோடு இரண்டு குழந்தைகளுக்கு இலவச பாஸ் தருகிறார்கள்.

எந்த டிக்கெட் வாங்கினாலும் இருக்கைக்குத் தனியாக ஒரு சில யூரோ கொடுத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். ரயில்ஜெட்டில் அது கட்டாயமில்லை, அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். வெள்ளி மாலையிலும் ஞாயிறு மாலையிலும் பதிவில்லாமல் ஏறினால் கதவருகே நின்றுகொண்டு வர நேரும். முதல் வகுப்புக்காகக் கூடுதல் பணம் செலவழிக்க வேண்டியதில்லை, இரண்டாம் வகுப்பே நம் சேர் காரைவிட விசாலம். நீண்ட ரயில்களில் சில, இரண்டு தொகுதிகளாக இணைந்து ஓடி, ஒன்று நடு ஸ்டேஷனில் நின்றுவிடும். பெட்டியின் கதவருகே உள்ள பலகையில் உங்கள் ஊர் பெயர் இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். ரயில் 60 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி டிக்கெட் விலையில் 25 சதவீதமும், 120 நிமிடம் ஆனால் 50 சதவீதமும் கேட்டு வாங்கலாம்.

விசாவும் வரிசையும்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஒரே ஷெங்கன் விசாவில் எல்லா ஊரும் அடங்கும். எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதுதான் சிக்கல். அதிக நாள் தங்கும் நாடு எதுவோ அதனிடம் கேட்க வேண்டும், நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். 4–4–4 என்று சமமாகப் பிரித்தால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரும். எங்கள் 12 இரவை ப்ராக் 3, வியன்னா 5, புடாபெஸ்ட் 4 என்று பிரித்தோம். ஆஸ்திரியா என்று தெளிவாகிவிட்டது. பயண தேதிக்கு 6 மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும்.

சலுகை ரயில் டிக்கெட்டுகளுக்குப் பெரும்பாலும் பணம் திரும்ப வராது. அதனால் விசாவுக்கு ரத்து செய்யக்கூடிய ஹோட்டல் பதிவுகளையும் பயணத் திட்டத்தையும் கொடுங்கள், விசா கையில் வந்த அன்றே ரயில் டிக்கெட்டுகளை வாங்குங்கள். செப்டம்பர், அக்டோபரில் போகிறவர்கள் ஜூன் மாதமே விசா வேலையைத் தொடங்கினால் இரண்டுக்கும் நேரம் இருக்கும். கிறிஸ்துமஸ் சந்தைகளுக்காக டிசம்பரில் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஐரோப்பா முழுவதும் புது ரயில் அட்டவணை டிசம்பர் இரண்டாம் சனிக்கு மறுநாள் ஞாயிறு நடைமுறைக்கு வருகிறது. அந்தத் தேதிக்குப் பிந்தைய டிக்கெட்டுகள் வழக்கத்தைவிடத் தாமதமாகவே விற்பனைக்கு வரும். தளத்தில் ரயிலே காட்டவில்லை என்று பயந்து பஸ்ஸைப் பதிவு செய்துவிடாதீர்கள், சில வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.